அப்புறம் என்ன ஆயிற்று?

“கதைப் புத்தகமா? முதலில் பரீட்சை முடியட்டும்!”

இந்த வாக்கியத்தைக் கேளாத பத்தாம் வகுப்பு மாணவி எவளேனும் உண்டா என்பது ஐயமே. எங்கள் வீடுகளில் இது காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, விளக்கணைக்கும்போது ஒரு முறை என்று மூன்று வேளை மருந்துபோல் கிடைக்கிறது. இருந்தாலும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் எங்களை வராந்தாவில் மறித்து, “அக்கா, நல்ல விறுவிறுப்பான நாவலாக ஒன்று சொல்லுங்களேன்!” என்று கேட்பது நின்றபாடில்லை. மணி அடிப்பதற்குள் நின்றுகொண்டே சொல்லி முடிகிற விஷயமா இது? ஆகவே ஆண்டு மலரில் எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம்.

நாங்கள் என்றால், மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் கூடும் 7 பேர். எழுதுகிற கை ஒன்று. எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சண்டை போட்ட வாய்கள் ஏழு.

முதலில் விறுவிறுப்பு என்றால் என்ன என்பதில்தான் சண்டை. கொலை இருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. பேய் இருந்தால் போதும் என்றாள் இன்னொருத்தி. நாங்கள் படித்த பல கதைகளில் முதல் பக்கத்திலேயே பிணம் கிடந்தது. ஆனால் மூன்றாம் நாள் அக்கதையின் பெயர்கூட எங்களுக்கு நினைவில்லை. இறந்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆவலும் இல்லை. பின்னே அவரைக் கொன்றது யாராக இருந்தால் என்ன? ஒரு கதையில் வரும் யாரோ ஒருவருக்காக நம் மனம் பதைக்க வேண்டும். அவர் கரையேற வேண்டுமே என்று நாம் சோற்றைப் பிசைந்தபடியே உண்ணாமல் இருக்க வேண்டும். அதுவே விறுவிறுப்பு என்று கடைசியில் ஏழு பேரும் ஒப்புக்கொண்டோம்.

இந்தக் கணக்கில் முதலிடம் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்கே. “அதுதான் எல்லோருக்கும் தெரியுமே! படமும் பார்த்துவிட்டோமே!” என்பீர்கள். மணிரத்னம் எடுத்த படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பகுதிகளாக வந்தது, நாங்களும் பார்த்தோம், ரசித்தோம். ஆனால் இந்நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரா வாரம் வந்த தொடர்கதை என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த இதழ் வரும்வரை வாசகர் தவிக்க வேண்டும் என்றே ஒவ்வோர் அத்தியாயமும் முடிக்கப்பட்டிருக்கிறது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரைமேல் வருகிறான் வந்தியத்தேவன். அன்றிரவே கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுவதை ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறான். அவன் கையில் இருப்பதோ ஓலைகள். சேர்க்க வேண்டிய இடங்களோ தஞ்சை அரண்மனையும் பழையாறையும். இனி அவனை நாம் எப்படித் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போவது?

இதில் இன்னொரு சுவை உண்டு. கதையில் கொல்லப்படும் ஆதித்த கரிகாலன் கற்பனைப் பாத்திரமல்லன். கதை தொடங்கும் அந்த ஏரிக்கு அருகில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் சுற்றத்தார் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியை அது சொல்கிறது. வரலாற்றுப் பாடத்தில் சோழர் என்றதும் கொட்டாவி விட்ட எங்கள் வகுப்பு, இதைக் கேட்டபின் அந்தக் கல்வெட்டைப் பார்க்கச் சுற்றுலா போக வேண்டும் என்று விண்ணப்பமே எழுதியது. (சுற்றுலா வழக்கம்போல ஊட்டிக்குத்தான் போயிற்று.)

ஒன்றே ஒன்று சொல்வோம். சுருக்கப் பதிப்பை வாங்காதீர்கள். ஐந்து பாகங்களையும் ஒரே சிறு புத்தகமாக்கி, “மாணவர்களுக்கு ஏற்றது” என்று போட்டு விற்கிறார்கள். அதில் பூங்குழலியின் படகு அரைப் பக்கத்தில் கரை சேர்ந்துவிடுகிறது. யார் பயப்படுவார்கள்? முழு நூலில் கடலே கொந்தளிக்கிறது. கப்பல் இடிவிழுந்து எரிகிறது. இரண்டு உயிர்கள் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு அலையில் ஏறி இறங்குகின்றன. நாமும் கூடவே ஏறி இறங்குகிறோம். காத்திருக்க வைத்தால்தானே பதைப்பு வரும்! கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் முழுப் பதிப்பே மலிவாகக் கிடைக்கிறது.

இதை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்குத் தமிழ் வாசிப்பது கடினம். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் காது சிவந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கென்று எல்லோரும் மெலிந்த புத்தகங்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். பெரிய எழுத்து, நிறையப் படம், கடைசியில் ஒரு நீதி. நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, நான்காம் பக்கத்தில் மயிலிறகு வைத்து மூடிவிடுவாள். ஐந்தாம் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது; பிறகு எதற்காக அவள் அவ்வளவு பாடுபட வேண்டும்?

வேப்பமரத்தடியில் ஒருத்தி உரக்க வாசிக்க மற்றவர் கேட்பது எங்கள் வழக்கம். இரண்டாம் பாகத்தில், மேலே சொன்ன கடல் நடுவில், வாசிப்பவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு என்ன செய்வது? நாங்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கையில், கூட்டிக் கூட்டிப் படிக்கும் அந்தத் தோழி புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்தாள். எங்களில் மற்றவர்கள் அரை மணியில் படித்துவிடும் பக்கங்களுக்கு அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனால் அன்று உணவு வேளை முழுவதும் பேசியவள் அவள்தான். வாயைத் திறந்துகொண்டு கேட்டவர்கள் நாங்கள். வகுப்பில் தடுக்காமல் அவள் முதன்முதலாக வாசித்த சொல் எது தெரியுமா? ‘பழுவேட்டரையர்’! நாங்களே இன்னும் அதில் இடறுகிறோம்.

இதனால்தான் தங்கைகளுக்குச் சொல்கிறோம்: வாசிக்கச் சிரமப்படும் தோழி உங்கள் வகுப்பில் இருந்தால் அவளுக்குச் சின்னப் புத்தகம் தேடாதீர்கள். விட முடியாத புத்தகத்தைக் கொடுங்கள். தடிமனாக இருந்தால் இருக்கட்டும்.

விட முடியாத புத்தகத்தால் வரும் தொல்லையையும் மறைக்கக் கூடாது. எங்களில் முன்னே படித்துவிட்ட ஒருத்தி, நந்தினி யார் என்ற இரகசியத்தை இட்லிப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே மற்றவளிடம் உடைத்துவிட்டாள். அவ்விருவரும் 9 நாட்கள் பேசவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஜாமெட்ரி பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள்! அதன்பின் எங்களுக்குள் ஒரு சட்டம் இயற்றினோம்: முன்னே படித்தவள் புன்னகை செய்யலாம், வாய் திறக்கக் கூடாது.

அடுத்தது விக்டர் ஹியூகோ 1862-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘லே மிசெராப்ல்’. யோகி சுத்தானந்த பாரதியார் இதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950-இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. பசித்த பிள்ளைகளுக்காக ரொட்டி திருடிய ழான் வல்ழான், தப்பியோட முயன்ற குற்றங்களும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையிருந்து வெளியே வருகிறான். இடம் கொடுத்த ஆயரின் வெள்ளிச் சாமான்களையே திருடுகிறான். காவலர் அவனைப் பிடித்து வருகையில் ஆயர், தாமே கொடுத்ததாகச் சொல்லி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். இந்தப் பகுதி எல்லா மறைக்கல்வி வகுப்பிலும் வருவதால் நமக்குக் கதையே இவ்வளவுதான் என்ற எண்ணம். இல்லை தோழியரே, கதை அங்கேதான் தொடங்குகிறது!

நம் போன்ற கான்வென்ட் மாணவியர் கட்டாயம் படிக்க வேண்டிய இடம் ஒன்று அதில் இருக்கிறது. காவல் அதிகாரி ஷாவேர் துரத்திவர, நள்ளிரவில் பாரிஸ் நகரத்துச் சந்துகளில் ஓடுகிறான் வல்ழான். கையில் எட்டு வயதுச் சிறுமி கோசெத். முன்னே சுவர், பின்னே காவலர். தெருவிளக்கின் கயிற்றை அறுத்துக் குழந்தையைக் கட்டித் தூக்கிச் சுவரேறிக் குதிக்கிறான். குதித்த இடம் ஒரு கன்னியர் மடத்துத் தோட்டம்! அங்கே கிழத் தோட்டக்காரர் ஒருவர். முழங்காலில் மணி கட்டியிருக்கிறார். ஆண்பிள்ளை வருகிறான், விலகிப் போங்கள் என்று அருட்சகோதரிகளுக்கும் அங்கே படிக்கும் சிறுமியருக்கும் தெரிவிப்பதற்காக அந்த மணி. (நம் பள்ளித் தோட்டக்காரத் தாத்தாவுக்கு மணி தேவையில்லை, அவர் பீடி வாசனை முன்னே வந்துவிடும்.) அந்தக் கிழவர் முன்பொரு நாள் வண்டியின் அடியில் சிக்கிச் சாகக் கிடந்தபோது, முதுகு கொடுத்து வண்டியைத் தூக்கிக் காப்பாற்றியவன் இதே வல்ழான்தான்.

அங்கேயே தோட்ட வேலைக்கு அமர்ந்துவிடலாம். ஆனால் வாசல் வழியாக வந்தவனாக அல்லவா காட்டிக்கொள்ள வேண்டும்? உள்ளே வர வேண்டுமானால் முதலில் யார் கண்ணிலும் படாமல் வெளியே போக வேண்டும். வழி ஒன்றே ஒன்று. மடத்தில் இறந்த சகோதரியின் விருப்பப்படி அவரை ஆலயத்துக்குள் இரகசியமாக அடக்கம் செய்கிறார்கள்; கல்லறைக்குப் போக ஒரு காலிச் சவப்பெட்டி இருக்கிறது. அதற்குள் படுத்துக்கொள்கிறான் வல்ழான். குழி வெட்டுபவர் தோட்டக்காரரின் குடிகார நண்பர். மதுக்கடைக்கு அழைத்துப் போய்விட்டுப் பெட்டியைத் திறந்துவிடலாம் என்பது ஏற்பாடு. கல்லறைக்குப் போனால், அந்த நண்பர் இறந்துபோயிருக்கிறார்! புதிதாக வந்திருப்பவனோ குடிக்கவே மாட்டேன் என்கிறான். மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டான். பெட்டிமேல் மண் விழுகிறது…

எங்கள் சட்டப்படி இதற்குமேல் எழுதமாட்டோம்.

இதே நூலில், வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாத சகோதரி ஒருவர் வருகிறார். ஷாவேர் அவர் முன் நின்று இரண்டு கேள்விகள் கேட்கிறான். அவர் இரண்டு பொய்கள் சொல்கிறார். அது பாவமா என்று வேப்பமரத்தடியில் மூன்று நாள் விவாதித்தோம். நூலகம் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரிடம் கேட்டோம். “மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போங்கள்” என்றார்.

வாட்டர்லூ போரைப் பற்றிய நீண்ட பகுதியை எங்களில் இருவர் தாண்டிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சுருக்கப் பதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இது என்ன நியாயம் என்று கேட்கலாம். நாமே தாண்டுவது வேறு. வேறொருவர் நமக்காக வெட்டிவைப்பது வேறு. நாம் தாண்டியது அங்கேயேதான் இருக்கும். ஒரு மழை நாளில் திரும்பிப் போகலாம்.

விடுதித் தோழியருக்கு ஷார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் அயர்’. 1847-இல் இது வெளிவந்தபோது அட்டையில் இருந்தது ‘கரர் பெல்’ என்ற புனைபெயர். பெண் எழுதியது என்று வெளியே தெரியாமல் இருக்கத்தான். அநாதைச் சிறுமி ஜேன், லோவுட் என்ற விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே குளிர், பசி, தீய்ந்த கஞ்சி. ஹெலன் என்ற தோழி மட்டுமே ஆறுதல். பிராண்டி படித்த விடுதிப் பள்ளியில் நோயுற்று வீடு திரும்பிய அவருடைய அக்காமார் இருவரும் 1825-இல் இறந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டபின் ஹெலன் வரும் பக்கங்களை எங்களால் உரக்க வாசிக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியும் தனியேதான் படித்தோம். பிறகு வளர்ந்த ஜேன் வேலைக்குப் போகும் மாளிகையில், மூன்றாம் மாடியிலிருந்து இரவில் ஒரு சிரிப்பொலி கேட்கும். விடுதியில் மின்சாரம் போன நேரத்தில் இதைப் படிக்காதீர்கள். படித்தவள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அன்றிரவு குளியலறைக்குத் துணையாக நான்கு பேரை எழுப்பினாள்.

பூமணி 1982-இல் எழுதிய ‘வெக்கை’யைச் சேர்ப்பதா என்பதில் ஏழு பேருக்குள் நான்குக்கு மூன்று என்று வாக்கெடுப்பே நடந்தது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்ட சிதம்பரம் என்ற சிறுவன், தந்தையோடு கரிசல் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்களே கதை. ‘அசுரன்’ என்ற படம் (2019) இதைத் தழுவியதுதான். கொலை முதலிலேயே முடிந்துவிடுகிறது. யார் செய்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆயினும் மூச்சுவிட முடியவில்லை! சிதம்பரத்துக்கு எங்கள் வயது, 15. அவன் பசியோடு கூழுக்கு அலைவதும், தந்தை அவனைத் திட்டாமல் வழி காட்டி நடப்பதும், எங்களில் சிலருடைய ஊர்ப் பேச்சே அச்சில் வந்திருப்பதும் எங்களைக் கட்டிப்போட்டன. இரத்தம் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் ஓராண்டு பொறுக்கலாம். எதிர்த்து வாக்களித்த மூவரும் அதை முழுவதும் படித்துவிட்டுத்தான் எதிர்த்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிரித்துக்கொண்டே துப்பறிய விரும்புவோர்க்குத் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ இருக்கிறது. பேயா, விஞ்ஞானமா என்று குழம்ப விரும்புவோர்க்குச் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. சிஸ்டர் அதை மேல்தட்டில் வைத்திருக்கிறார், பதினோராம் வகுப்புக்குப் போனபின் கேளுங்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) தமிழின் முதல் நாவல் என்பது ஒரு மதிப்பெண் வினாவாக எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் கத்தோலிக்கர், முன்சீபாக இருந்தவர். உண்மையைச் சொன்னால், இடையிடையே உபதேசம் நீளும்போது எங்களுக்குக் கண் சொருகியது. ஆனால் கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டுக்கே அரசாளும் பகுதி வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901-இல் பிறந்தவர். ஆறு வயது நிரம்புமுன்னே திருமணம், பள்ளிக்கூடம் போனதில்லை. தொடக்கத்தில் அவர் வாயால் கதை சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகையையே நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அந்நாளில் பெண் நாவல் படிப்பதே தவறு என்றிருந்த வீடுகளில், அடுப்படியில் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் எங்கள் கொள்ளுப்பாட்டிகள். அவர்கள் ஒளித்துவைத்ததால்தான் எங்கள் பாட்டிகள் கதை கேட்டு வளர்ந்தார்கள்.

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் முறையிடமாட்டோம். (சிறிது முறையிடுவோம்.) நாளைக்கு அரைமணி நேரம் கதைப் புத்தகத்துக்கு விட்டுவிடுங்கள் என்றே கேட்கிறோம். கணக்கில் மதிப்பெண் கூடுமா என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் கூடவில்லை. குறையவும் இல்லை.

மேலே சொன்ன தோழியின் தந்தை, ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தின் அட்டையைப் பார்த்தார். அதற்குக் ‘கொலை வாள்’ என்று பெயர். பெயரைப் படித்தவுடன், “பரீட்சை நேரத்தில் கொலையா?” என்று எடுத்துப் பீரோவின்மேல் வைத்துவிட்டார். அவர் விடியுமுன் எழுந்து மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். மகள் தேற வேண்டுமே என்ற கவலையில் செய்தது, எங்களுக்குப் புரிகிறது. ஐந்தாம் வகுப்புவரை படித்த அவள் தாயார், இரண்டாம் பாகத்தை மகள் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கேட்டவர். மாவாட்டும்போது மெல்லக் கேட்கிறாராம்: “அப்புறம் அந்தப் படகுக்காரப் பெண் என்ன ஆனாள்?”

தேர்வு முடிந்தபின் படிக்கலாமே என்பீர்கள். தேர்வுக்குப் பின் எங்களில் சிலர் இப்பள்ளியிலேயே தொடர்வோம், சிலர் தொடரமாட்டோம். அவள் எந்தப் பட்டியலில் என்பது இன்னும் அவள் வீட்டில் முடிவாகவில்லை. பள்ளி நூலக அட்டை மாணவிக்கு மட்டும்தான். அரசுக் கிளை நூலகத்தில் யாரும் உறுப்பினராகலாம். ஆனால் பேருந்து ஏறிப் போக அவளை யார் அனுப்புவார்கள்? ஆகவே மார்ச் மாதத்துக்குள் இன்னும் மூன்று பாகங்கள். அவள் வேகத்தில் அது முடிகிற காரியமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். தினமும் அரைமணி கிடைத்தால் மூன்றாம் பாகம் நிச்சயம் முடியும். நான்காம் பாகம் பாதி.

தங்கைகளே, புத்தக வரிசை எழுதிய எங்கள் ரஃப் நோட்டை நூலகத்தில் சிஸ்டரின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். எந்தப் புத்தகம் வேண்டுமோ அதன் கீழே உங்கள் பெயரையும் பிரிவையும் எழுதுங்கள். 14 நாட்களில் திருப்ப வேண்டும். ‘ஏழை படும் பாடு’ ஒரே பிரதிதான். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அது எங்களுக்கு முன்பே இருந்தது. ‘கொலை வாள்’ என்ற தலைப்பின் கீழே மட்டும் இப்போது யாரும் பெயர் எழுத வேண்டாம். சிஸ்டர் அதற்குத் தவணையை இரண்டு முறை நீட்டியிருக்கிறார். மூன்றாம் முறையும் நீட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு